ஓட நூறு குதிரை... நிறுத்த?

மூன்று வருஷ டிப்ளமோவில் நான் படித்த பெரிய பாடம் எந்த செமஸ்டர் சிலபஸிலும் இல்லை. கோயமுத்தூரில் மூடிக் கிடந்த ஒரு மில்லின் காம்பவுண்டுக்குள் பத்தே நொடியில் படித்தேன்.

எங்கள் தாத்தாவிடம் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இருக்கிறது. ஜூனியர்கள் பலருக்குப் பெயர்கூடத் தெரிந்திருக்காது. 1961 முதல் 1971 வரை சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரான கார். இத்தாலிக்காரர் மிக்கெலொட்டி வரைந்த உடம்பு. இங்கிலாந்தில் இதே வண்டியின் சேஸிஸைக் குட்டையாக்கித்தான் 1962-ல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்கிற இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார்கள். இது தெரிந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. "டேய், நம்ம வண்டி ஸ்போர்ட்ஸ் காருக்கு அண்ணன்டா!" என்று ஹாஸ்டல் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

ஆனால் அண்ணன் வருஷக்கணக்காக ஷெட்டில் நின்று பிஸ்டன் ஜாம் ஆகிவிட்டார். நாங்கள் நாலு பேர் ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு அதை எடுத்துக்கொண்டோம். தாத்தா, "எடுத்துக்கோ சாமி. ஆனா ஆளு பத்திரம்" என்றார்.

பின்னால் லாரி இடித்து நசுங்கிய ஒரு பலேனோ ஆர்.எஸ். பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. 998 சி.சி., மூன்றே சிலிண்டர், டர்போ. பழைய 948 சி.சி. இன்ஜின் கொடுத்தது நாற்பது குதிரைசக்திக்குப் பக்கம். இந்தப் பயல் கொடுப்பது நூறுக்கு மேல்!

ஹெரால்டில் வேலை பார்ப்பது சுகம். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டோடு முன்பக்கம் முழுக்க எழுந்துவிடும். முன் டயர் மேல் உட்கார்ந்தே ஸ்பேனர் பிடிக்கலாம். மற்றதெல்லாம் சோதனைதான். பலேனோ இன்ஜின் குறுக்கே நின்று முன் சக்கரத்தை ஓட்டுவது. ஹெரால்டிலோ நெடுக்கே நின்று பின் சக்கரத்தை ஓட்ட வேண்டும். அதனால் ஜிப்ஸி கியர்பாக்ஸ் வாங்கினோம். இன்ஜினும் அதுவும் ஒட்டாது. நடுவில் அடாப்டர் பிளேட் கடைந்து, டயல் கேஜ் வைத்து சென்டர் பார்த்தே மூன்று வாரம் போனது. சாவியை அடையாளம் காணாமல் இ.சி.யூ. ஸ்டார்ட் ஆக மறுத்தது. பலேனோவின் சாவி, மீட்டர், ஆக்சிலரேட்டர் பெடல் எல்லாவற்றையும் பெயர்த்து வந்து மாட்டினோம். இன்டர்கூலரை கிரில்லுக்குப் பின்னால் நுழைத்தோம்.

இதையெல்லாம் பட்டறை மேஸ்திரி அண்ணன் பீடி பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் கேட்டார்: "ஏன் கண்ணு, ஓடறதுக்கு நூறு குதிரை கட்டிட்டீங்க. நிறுத்தறதுக்கு எத்தனை கட்டிருக்கீங்க?"

நாங்கள் சிரித்தோம். "புது லைனர் போட்டாச்சுங்கண்ணா."

இன்ஜின் மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், அது இல்லாமல் ரோட்டில் இறக்கக் கூடாது. ஆகவே மில் காம்பவுண்டுக்குள் இருந்த நீளமான சிமெண்ட் பாதையில் சோதனை. நான்தான் டிரைவர். இரண்டாவது கியரில் டர்போ பிடித்தது பாருங்கள், முதுகை யாரோ சீட்டோடு சேர்த்து அறைந்த மாதிரி! ஆறு ரவுண்டு அடித்தேன். ஒவ்வொன்றும் முந்தையதைவிட வேகம்.

ஏழாவது ரவுண்டில் பிரேக்கை மிதித்தேன். பெடல் கல் மாதிரி நின்றது, வண்டி நிற்கவில்லை. பாதை முடியும் இடத்தில் என் நண்பன் மொபைலில் வீடியோ எடுத்துக்கொண்டு நிற்கிறான். ஹாரன் மாட்டவில்லை. "ஓடுறா!" என்று கத்தினேன். கியரைக் குறைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, ஓரத்து மணல் குவியலில் ஏற்றினேன். அவன் எதிர்ப்பக்கம் பாய்ந்தான். மொபைல்தான் உடைந்தது. அவன் சிரித்தான். எனக்குக் கால் நடுக்கம் நிற்கவே அரை மணி நேரம் ஆனது.

நாலு சக்கரத்திலும் தீய்ந்த வாசனை. மேஸ்திரி அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்று ராத்திரி நோட்டை எடுத்தேன். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நாலு மடங்கு. முதல் வருஷ பிசிக்ஸ்! பரீட்சையில் முழு மார்க் வாங்கிய கணக்கு. அந்த ஆற்றல் முழுவதும் டிரம்முக்குள் சூடாக மாறுகிறது. சூட்டில் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது. லைனர் பிடிப்பை இழக்கிறது. நாற்பது குதிரைக்குச் செய்த டிரம், நூறு குதிரைக்காரன் திரும்பத் திரும்ப மிதித்தால் என்ன செய்யும்? அந்தக் கணக்கை நாலு பேரில் ஒருவரும் போட்டுப் பார்க்கவில்லை.

மறுநாளே பேட்டரியைக் கழற்றி வைத்தோம். மீதி இரண்டு மாதமும் முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் பொருத்துவதிலும், டேப் பிடித்து நிற்கும் தூரம் அளப்பதிலும் போனது. ப்ராஜெக்ட் தலைப்பிலிருந்து 'டர்போ' போய் 'பிரேக்' வந்தது. வைவாவில் யாரும் கைதட்டவில்லை, மார்க்கும் சுமார்தான். ஜூனியர்களே, இன்ஜின் மாற்றுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. பிரேக்கிலிருந்து ஆரம்பியுங்கள்.

வேலை முடிந்ததும் தாத்தாவை மில்லுக்குக் கூட்டிப்போனேன். டர்போவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உட்கார்ந்து, நகரும் வண்டியில் பிரேக்கை ஒரு தரம் அழுத்திப் பார்த்தார்.

"ம்... போலாம் சாமி" என்றார்.

— மூன்றாமாண்டு, ஆட்டோமொபைல்