37 வருடம் கழித்து ஒரு திருத்தம்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பாதி படித்துவிட்டுக் கைகூப்பும் பொம்மையைப் போட்டுவிட்டு ஓடிவிடாதீர்கள். இதில் உங்களில் சிலரிடம் நான் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்று இருக்கிறது.

2025 ஏப்ரல் கடைசியில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் ஓர் அறிவிப்பு செய்தார். 'காலனி' என்ற சொல் ஆதிக்கத்துக்கும் தீண்டாமைக்கும் அடையாளமாக ஆகிவிட்டதால், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அதை நீக்கப்போவதாகச் சொன்னார். நம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அந்தச் செய்தியைப் போட்டிருந்தார்கள். நானும் சும்மா இருக்காமல் இப்படி எழுதினேன்:

"பெயரை மாற்றினால் மனசு மாறிவிடுமா? காலனி என்றால் குடியிருப்பு, அவ்வளவுதான். சென்னையில் பேங்க் காலனி, ரயில்வே காலனி எல்லாம் இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் வெட்கப்படுகிறார்களா? நாளைக்குப் புதுப் பெயரும் இப்படித்தான் ஆகும்."

நிறையப் பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள். டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற பழைய பழக்கம்.

அன்று இரவு ஒரு போன் வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஊரில், 1988-ல் நாலாம் வகுப்பு படித்த பெண். இப்போது அரசு வேலையில் இருக்கிறாள். பிள்ளைகள் கல்லூரியில் படிக்கிறார்கள். (அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றாள்.) நலம் விசாரித்தாள். முட்டி வலிக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கேட்டாள். அப்புறம் தயங்கித் தயங்கி, "டீச்சர், குரூப்ல நீங்க போட்டதைப் பார்த்தேன். ஒண்ணு சொல்லலாமா?" என்றாள்.

"சொல்லும்மா."

"நான் காலேஜ் போகும்போது மூணு வருஷமும் ஊர் ஸ்டாப்லதான் டீச்சர் எறங்குவேன். எங்க தெருவுக்குத் தனி ஸ்டாப் இருந்துச்சு. ஆனா கண்டக்டர் 'காலனியெல்லாம் எறங்கு'ன்னு கத்துவார். பஸ்ஸில என்கூடப் படிக்கிற பொண்ணுங்க இருப்பாங்க. அதனால ஒரு ஸ்டாப் முன்னாடியே எறங்கி வெயில்ல நடந்து போவேன். பேங்க் காலனிக்காரங்க யாராவது அப்படி எறங்கி நடந்திருப்பாங்களா டீச்சர்?"

எனக்குப் பதில் வரவில்லை. அந்த ஊரில் ஏழு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். அதே பஸ்ஸில் போயிருக்கிறேன். அந்தக் கண்டக்டரின் குரல் என் காதிலும் விழுந்திருக்கும். எனக்கு அது ஸ்டாப்பின் பெயர், அவ்வளவுதான்.

சமாளிப்பதற்காக, "சரிம்மா, ஆனா புதுப் பேரும் ஒரு நாள் அப்படித்தானே ஆயிடும்?" என்றேன்.

"ஆகும் டீச்சர். அழுக்காகும்னு தெரிஞ்சுதான தினமும் துணி துவைக்கிறோம்" என்றாள்.

அதோடு விட்டிருந்தால் இந்தப் பதிவு வந்திருக்காது. போனை வைக்கும் முன், "நீங்க ஒரு தடவை என் நோட்டைத் தூக்கிக் காட்டினது ஞாபகம் இருக்கா டீச்சர்?" என்று கேட்டாள். எனக்கு ஞாபகம் இல்லை. அவள் சொன்னாள்.

அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஒரு நாள் நான் அவள் நோட்டை வகுப்பு முழுவதும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்து, "காலனிப் புள்ளகூட எவ்வளவு அழகா எழுதுது பாருங்க, உங்களுக்கெல்லாம் என்ன கேடு?" என்றேனாம்.

பாராட்டுகிறோம் என்ற நினைப்பில்தான் சொல்லியிருப்பேன். அவளும் அன்று அப்படித்தான் எடுத்துக்கொண்டாளாம். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னாளாம். நடவுக்குப் போய்விட்டு வந்திருந்த அந்த அம்மா ஒன்றும் பேசாமல், "நாளைக்கும் நல்லா எழுது" என்று மட்டும் சொன்னார்களாம். அம்மா ஏன் சிரிக்கவில்லை என்று புரிய இவளுக்குப் பத்து வருடம் ஆகியிருக்கிறது.

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. என்னைப் பற்றி எனக்குள் ஒரு பெருமை உண்டு. வகுப்பில் நான் யாரையும் பிரித்து உட்கார வைத்ததில்லை. தண்ணீர்ப் பானைக்கு ஒரே டம்ளர்தான். அதற்காக ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரிடம் பேச்சும் வாங்கியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் ஒரு சின்னப் பிள்ளையிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். அதுவும் ஒரு முறை மட்டும்தான் என்று எப்படி நம்புவது? 34 வருடம் பாடம் நடத்தினேன். எத்தனை நோட்டைத் தூக்கிக் காட்டியிருப்பேன்!

நான் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். அதனால் அந்த வாக்கியத்தைப் பிரித்துப் பார்த்தேன். பேச்சில் 'கூட' என்பதை எழுத்தில் 'உம்' என்று எழுதுவோம். 'காலனிப் பிள்ளையும் அழகாக எழுதுகிறது.' நன்னூல் உம்மைக்கு எட்டுப் பொருள் சொல்கிறது. அதில் சிறப்பும்மை ஒன்று. அதிலும் உயர்வு சிறப்பு, இழிவு சிறப்பு என்று இரண்டு வகை. உயர்ந்தவரே தோற்றார் என்று காட்ட முதல் வகை. தாழ்ந்ததே செய்துவிட்டது என்று காட்ட இரண்டாவது வகை. நான் சொன்னது இரண்டாவது வகை. பயிற்சிப் பள்ளியில் இதைப் படித்தபோது மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினேன். பழைய உரைகளில் இழிவு சிறப்பும்மைக்குக் காட்டும் உதாரணத்திலேயே ஒரு சாதிப் பெயர் உட்கார்ந்திருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் மனப்பாடம் செய்தேன். ஒரு நாளும் உறுத்தவில்லை.

அதற்குப் பிறகு இந்தப் பெயர்களின் கதையைத் தேடித்தேடிப் படித்தேன். ஓய்வு பெற்றவளுக்கு வேறு என்ன வேலை!

'காலனி'க்கு முன்னால் 'சேரி' என்றார்கள். அதுவும் பிறக்கும்போது நல்ல சொல்தான். மக்கள் சேர்ந்து வாழும் இடம் சேரி. பழைய கல்வெட்டுகளில் பிராமணர் ஊர்களின் பகுதிகளுக்கும் சேரி என்ற பெயர் உண்டு. புதுச்சேரியிலும் வேளச்சேரியிலும் அது இன்றும் கௌரவமாக இருக்கிறது. ஊருக்கு வெளியே ஒதுக்கிய இடத்துக்கு மட்டும் அதைச் சொல்லச் சொல்ல, அது வசையாக மாறிவிட்டது. பிறகு அரசாங்கம் ஓட்டு வீடும் தொகுப்பு வீடும் கட்டிக்கொடுத்து 'காலனி' என்றது. கொஞ்ச காலத்தில் அதற்கும் அதே கதி.

மக்களின் பெயர்களும் அப்படித்தான். இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் ஒரு பத்திரிகை தொடங்கினார். எந்தப் பெயரைச் சொல்லி இழித்தார்களோ அதையே எடுத்துப் பத்திரிகைக்குப் 'பறையன்' என்று பெயர் வைத்தார். அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் தொடங்கிய பத்திரிகையோ கொஞ்ச நாளில் 'தமிழன்' ஆனது. ஒருவர் வசையை நிமிர்த்தப் பார்த்தார். இன்னொருவர் அந்தப் பெயரே வேண்டாம் என்றார். இரண்டு பேரும் கேட்டது ஒரே மரியாதையைத்தான். 1922-ல் எம்.சி.ராஜா சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்த பிறகு 'ஆதி திராவிடர்' அரசாங்கச் சொல்லானது.

காந்தியடிகள் 'ஹரிஜன்' என்றார். 1933-ல் அந்தப் பெயரில் பத்திரிகையும் நடத்தினார். நல்ல எண்ணத்தில்தான். ஆனால் அம்பேத்கருக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. 1938-ல் பம்பாய் சட்டமன்றத்தில் அந்தச் சொல்லைச் சட்டத்தில் வைத்தபோது அவரும் அவர் கட்சியினரும் வெளிநடப்பு செய்தார்கள். நாங்கள் பள்ளியில் படித்த காலத்தில் மேடையில் மரியாதையாகப் பேச வேண்டும் என்றால் 'ஹரிஜன்' என்றுதான் சொல்வார்கள். அந்த மக்களுக்கு அது பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. 1982-ல் சாதிச் சான்றிதழில் அந்தச் சொல்லை எழுதக் கூடாது என்று மத்திய அரசு சொன்னது. 2017-ல் உச்ச நீதிமன்றமே அது இன்று இழிவுபடுத்தும் சொல்லாகிவிட்டது என்றது.

ஒவ்வொரு முறையும் மாறச் சொன்னவர்கள் அந்தப் பெயரைச் சுமந்தவர்கள். "இதில் என்ன தப்பு?" என்று கேட்டவர்கள் என்னைப் போல அதைச் சுமக்காதவர்கள்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சில வருடம் முன்பு அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் பேத்திக்கு வீடியோ காலில் ஆபிரகாம் லிங்கன் கதை சொன்னேன். நான் படித்த காலத்துப் பழக்கத்தில் 'நீக்ரோ அடிமைகள்' என்றேன். அவள் பதறிவிட்டாள். "பாட்டி, அந்த வேர்ட் சொல்லக் கூடாது. கறுப்பினத்தவர்னு சொல்லுங்க." நான் உடனே, "அப்படியாடா கண்ணு, இனிமே சொல்லல" என்றேன். அன்றோடு விட்டுவிட்டேன். 1963-ல் மார்ட்டின் லூதர் கிங் வாஷிங்டனில் பேசியபோது அந்தச் சொல்லைத் தாமே பலமுறை சொன்னார். அன்று அது மரியாதைச் சொல். காலம் மாறியது, அந்த மக்கள் வேண்டாம் என்றார்கள். 2016-ல் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் அமெரிக்கச் சட்டங்களில் மிச்சமிருந்த அந்தச் சொல்லை நீக்கியது.

யோசித்துப் பாருங்கள். கடல் தாண்டி இருப்பவர்களுக்காகப் பத்து வயதுப் பிள்ளை சொன்னதும் ஒரு சொல்லை விட்டேன். வாதம் செய்யவில்லை. "சொல்லை மாற்றினால் நிறவெறி போய்விடுமா?" என்று கேட்கவில்லை. நம் ஊர்ச் சொல் என்றதும்தான் எனக்கு அகராதியும் நியாயமும் ஞாபகம் வந்தன. அமெரிக்கச் சொல்லை விடுவதில் எனக்கு எந்த நஷ்டமும் இல்லை. 'காலனி'யை விட்டால், இத்தனை நாள் அதை எப்படிச் சொன்னேன் என்று திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்குத்தான் பயந்திருக்கிறேன்.

உறவுகளுக்கும் ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். நாம் கல்யாண வீடுகளில் இப்போது அந்தப் பழைய சொற்களைச் சொல்வதில்லை. நாகரிகமாகிவிட்டோம். அதற்குப் பதில் குரலைத் தாழ்த்தி 'எஸ்.சி.' என்கிறோம். 'அவங்க ஆளுங்க' என்கிறோம். ஒரு டாக்டரைப் பற்றிப் பேசும்போது, 'கோட்டாவா இருந்தாலும் நல்லா பாக்குறார்' என்கிறோம். இந்த 'இருந்தாலும்' எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரியும். போன மாதம் நம் வீட்டு விசேஷத்தில்கூட இது என் காதில் விழுந்தது. அன்று வாய் திறக்காமல் பாயசம் குடித்துவிட்டு வந்தேன். அடுத்த முறை அப்படி இருக்க மாட்டேன்.

குழுவில் நான் எழுதியதைப் பாதி திரும்பப் பெறுகிறேன். பெயரை மாற்றினால் மட்டும் போதாது என்பது உண்மைதான். தனிச் சுடுகாடும் தனித் தெருவும் இருக்கும்வரை புதுப் பெயரும் அழுக்காகும். ஆனால் அதைக் காரணம் காட்டி ஒரு சொல்லைவிட மறுப்பது சோம்பேறித்தனம். பஸ்ஸில் ஒரு பெண் பிள்ளை தன் ஸ்டாப்பிலேயே தலை நிமிர்ந்து இறங்க முடிந்தால், அந்த மாற்றம் அவளுக்குச் சின்னது இல்லை.

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களே, உதவித்தொகைப் பட்டியல் எடுக்கும்போது வகுப்பில் பிள்ளைகளை எழுப்பி நிற்க வைக்காதீர்கள். நாங்கள் அதைச் செய்தோம். விவரம் எல்லாம் சேர்க்கைப் பதிவேட்டிலேயே இருக்கிறது. ஒரு பிள்ளையைப் பாராட்டினால் அந்தப் பிள்ளையை மட்டும் பாராட்டுங்கள். 'கூட' வேண்டாம்.

அந்தப் பெண்ணுக்கு மறுநாள் நானே போன் செய்தேன். "மன்னிச்சிடும்மா" என்றேன். "ஐயோ, விடுங்க டீச்சர்" என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, "இப்பவும் என் கையெழுத்து நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆபீஸ்ல எல்லாரும் சொல்வாங்க" என்றாள். "உன் கையெழுத்து ரொம்ப அழகும்மா" என்றேன். 1988-ல் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் இவ்வளவுதான்.

உங்களில் வேறு யாருக்காவது என் வாயால் இப்படி ஒரு காயம் பட்டிருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். டீச்சர் வருத்தப்படுவார்களே என்று பார்க்காதீர்கள். உங்கள் தவறுகளைச் சிவப்பு மையில் சுழித்தவள் நான். என் தவறை நீங்கள் சுழிக்கக் கூடாதா?

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்