தொந்தியும் தோளும்

நாற்பதைத் தாண்டிய ஆண் எங்கள் குடும்பக் கல்யாணத்துக்கு மெலிந்துபோய் வந்து நிற்கக் கூடாது. கடனாளியாகி இருப்பான், இல்லையென்றால் சர்க்கரை வந்திருக்கும் என்று சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் தீர்மானித்துவிடுவார்கள். ஜிம்முக்குப் போய்த் தொந்தியைக் கரைத்துவிட்டு, சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்ட பெருமிதத்தோடு நான் மண்டபத்துக்குள் நுழைந்தேன். பெரியம்மா என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, “என்னடா இப்படி ஒட்டிப்போய்க் கிடக்கே? அவ ஒழுங்கா சோறு போடுறாளா இல்லையா?” என்றார். பக்கத்தில் நின்ற மனைவியின் முகத்தை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பெரியம்மா மீது கோபப்பட முடியாது. அரிசிக்கு வரிசையில் நின்று, பல இரவுகள் மரவள்ளிக் கிழங்கை அவித்துப் போட்டுப் பிள்ளைகளை வளர்த்தவர். ஒட்டிய வயிறு அவருக்கு அழகின் அடையாளமாக எப்படி இருக்க முடியும்? அவர் அறிந்த ஊரில் ஒட்டிய வயிறுகளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. பூசினாற்போல இருப்பதுதான் லட்சணம். வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் தொந்தி இருந்தால் குதிரில் நெல் இருக்கிறது என்று ஊருக்கே தெரியும்.

அதே பந்தியில் அவருடைய பேரன் அல்வாவை இலையோரம் ஒதுக்கிவிட்டு, சாம்பாரில் இருந்த பருப்பை மட்டும் தேடி எடுத்துக்கொண்டிருந்தான். புரோட்டீனாம். 2008-இல் ‘வாரணம் ஆயிரம்’ படத்தில் சூர்யா சட்டையில்லாமல் வந்து நின்றபோது இவன் பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்திருப்பான். ஆனால் சிக்ஸ் பேக் என்பதை வீட்டுக்கு வீடு கொண்டுவந்து சேர்த்த படங்களில் அதுவும் ஒன்று. ஒரே குடும்பத்தில் பாட்டிக்குப் பட்டினியாகத் தெரிகிற வயிறு பேரனுக்குத் தவமாகத் தெரிகிறது.

எங்கள் ஜிம், கோயம்பேடு பக்கம், ஒரு இரும்புக்கடையின் மாடியில் இருக்கிறது. மூன்று பக்கமும் கண்ணாடி. பையன்கள் திங்கட்கிழமை தவறாமல் செஸ்ட் அடிப்பார்கள். லெக் டே என்று மாஸ்டர் சொன்னால் அன்றைக்குப் பாதிப் பேருக்குக் காய்ச்சல். கண்ணாடியில் தெரிவது மார்பும் கையும்தானே, காலை டிராக் பேண்ட் மறைத்துவிடுகிறது. இவர்களைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. டாக்டர் ரிப்போர்ட்டைக் காட்டிப் பயமுறுத்தியபோது நான் நகரவில்லை. ஒரு குரூப் போட்டோவில் என் பக்கவாட்டுத் தோற்றத்தைப் பார்த்த பிறகுதான் ஷூ வாங்கினேன். அழகாசை லேசுப்பட்ட சக்தி இல்லை.

இந்தக் கண்ணாடி ஆசைக்கு ஒரு மூலபுருஷர் இருக்கிறார். பிரஷ்யாவில் 1867-இல் பிறந்த யூஜின் சாண்டோ. பலசாலிகள் அதற்கு முன்பும் இருந்தார்கள், எதைத் தூக்கினார்கள் என்று பார்க்கத்தான் கூட்டம் கூடியது. சாண்டோ எப்படி இருக்கிறார் என்று பார்க்கக் கூட்டம் கூடியது. கிரேக்கச் சிலைகளை அளவுகோலாக வைத்துத் தன் உடம்பைச் செதுக்கிக்கொண்ட மனிதர். 1901-இல் லண்டன் ஆல்பர்ட் ஹாலில் அவர் நடத்திய உடலழகுப் போட்டிக்கு அவரோடு நடுவர்களாக இருந்தவர்கள் சார்லஸ் லாஸ் என்ற சிற்பியும், ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயிலும். வெறும் திரட்சிக்கு அங்கே பரிசில்லை. உறுப்புகளின் சமநிலை, உடல்நலம், தோலின் நிலை எல்லாம் கணக்கில் வந்தன. 1904-05 வாக்கில் அவர் இந்தியாவுக்கும் வந்து போனார். அந்தப் பெயரின் மவுசு எவ்வளவு நாள் நீடித்தது என்பதற்கு, கோயம்புத்தூர் தேகப்பயிற்சிச் சாலையிலிருந்து சினிமாவுக்கு வந்த சாண்டோ சின்னப்பா தேவரே சாட்சி.

இன்றைய மேடைக்காரர்கள் சாண்டோவையே மிஞ்சிவிட்டார்கள். போட்டி நெருங்கினால் உப்பைக் குறைத்து, தண்ணீரைக் குறைத்து, தோலுக்கும் தசைக்கும் நடுவில் எதுவும் மிஞ்சாதபடி வற்றவிடுகிறார்கள். பார்வைக்குப் பீமனாகத் தெரிகிற அந்த நாளில்தான் ஆள் உள்ளுக்குள் மிகவும் துவண்டிருப்பார். முகமது பெனஸீஸா 1992-இல் ஹாலந்தில் ஒரு போட்டியை வென்ற சில மணி நேரத்தில் இறந்துபோனார்.

மெரினாவில் நடக்கப் போகும் நாட்களில் உழைப்பாளர் சிலையைச் சற்று நின்று பார்ப்பேன். தலைவர்களும் புலவர்களும் வரிசையாக நிற்கும் அந்தச் சாலையில் உடம்பை மட்டுமே வைத்து ஒரு சிலை. நான்கு பேர் ஒரு பாறையை நெம்பிக்கொண்டிருக்கிறார்கள். செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சென்னை ஓவியக் கல்லூரிக்கு 1929-இல் தலைமையேற்ற முதல் இந்தியர், மல்யுத்தம் பழகியவர். 1959-இல் சிலையை நிறுவினார்கள். அந்த முதுகுகளைப் பாருங்கள். ஒன்றுகூடப் பார்க்கிறவனுக்காக விறைத்துக் காட்டப்பட்டதாகத் தெரியாது. பாறை நகர வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கவலை.

வெண்கலத்தில் இருந்தால் ரசிக்கிறோம். கோயம்பேடு மார்க்கெட்டில் விடியற்காலை ஐம்பது கிலோ வெங்காய மூட்டையை முதுகில் சாய்த்துக்கொண்டு ஓடுகிற லோடுமேனுக்கும் அதே முதுகுதான். எங்கள் ஜிம் பையன்கள் காசு கட்டி வரவழைக்கப் பார்க்கும் கை நரம்புகள் அவருக்குச் சும்மாவே புடைத்திருக்கின்றன. அவருக்குப் பெண் பார்க்கப் போனால் மட்டும், “ஆள் கறுத்து, ஒடிசலா இருக்காரே” என்பார்கள். ஓய்வு நேரத்தில் வளர்த்த தசைக்கு ஒரு மரியாதை, கூலிக்காக வளர்ந்ததற்கு வேறு மரியாதை. அழகைப் பற்றி நாம் பேசுவதில் பாதி, வருமானத்தைப் பற்றிய பேச்சுதான் என்று எனக்குத் தோன்றும்.

மீதியை ஸ்கேன் சொல்லும். புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யட்கினும் 2004-இல் ‘லான்செட்’ இதழில் தங்கள் படங்களையே பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு, அதாவது பி.எம்.ஐ., அச்சாக 22.3. ஸ்கேனில் தெரிந்த கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. யட்கின் மாரத்தான் ஓடுகிறவர், யாஜ்னிக் காலையில் ஆஸ்பத்திரி லிப்ட் கதவு மூடுவதற்குள் ஓடிப் பிடிக்கிறவர் என்று அவர்களே கிண்டலும் செய்திருந்தார்கள். கிண்டலோடு முடிகிற விஷயம் இல்லை அது. புனே கிராமங்களில் பிறந்த குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகள் 3.5 கிலோ. நம் குழந்தைகளிடம் தசை குறைந்திருந்த அளவுக்குக் கொழுப்பு குறையவில்லை. தாய் வயிற்றிலேயே சேமிக்கக் கற்றுக்கொண்டு பிறக்கிறோம். பெரியம்மாவின் பயம் அவருடைய மனத்தில் மட்டும் இல்லை, குச்சிக் கையும் உருண்ட வயிறுமாக எங்கள் வம்சத்தின் உடம்பிலும் இருக்கிறது. இந்திய ஆணுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 என்று டாக்டர்கள் எச்சரிக்கைக் கோடு போடுவது இதனால்தான்.

மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஒரு பையன் சாயங்காலம் எங்கள் ஜிம்முக்கு வருகிறான். “நாள் பூரா தூக்குறியேடா, இங்க வேற எதுக்கு?” என்று மாஸ்டர் கேட்டார். “அது கடைக்காரருக்குத் தூக்குறது மாஸ்டர்” என்று சொல்லிவிட்டு அவன் டம்பெல்லை எடுத்தான். எப்போதும் ஒரே பக்கம் சுமந்து அவனுடைய வலது தோள் சற்று இறங்கிவிட்டது. எனக்கு அது தெரிந்ததே இல்லை, அவன் கண்ணாடியில் பார்த்துக் கண்டுபிடித்து வைத்திருக்கிறான். தோளைச் சரிசெய்யத் தனியாக ஒரு சார்ட் போட்டுத் தரச் சொல்லி மாஸ்டரை நச்சரித்துக்கொண்டிருக்கிறான். இருக்கிற பையன்களில் லெக் டேக்குக் காய்ச்சல் வராதவனும் அவன்தான்.