முதல் பத்தியில் கடவுள் வேண்டாம்

கிறிஸ்தவப் பத்திரிகைகளில் எல்லாவற்றையும்விட அவசரமாக எழுதப்படுவது கடவுளின் நோக்கம்தான். விபத்து எந்த ஊரில், எத்தனை பேர், என்ன காரணம் என்ற விவரமெல்லாம் வந்து சேருவதற்குள், இதன் வழியாக ஆண்டவர் நமக்கு என்ன சொல்கிறார் என்ற கட்டுரை மேசைக்கு வந்துவிடும். ஒரு கத்தோலிக்க மாத இதழில் வெகுகாலம் பிழை திருத்தியும், செய்தி எழுதியும், தலையங்கம் எழுதியும் பழகியவன் நான். மறையுரை கேட்டே வளர்ந்தவர்களுக்கு எழுத்து ஓரளவு தானாகவே வந்துவிடுகிறது. பொருள் சொல்லும் ஆசையை அடக்கிவைக்கத்தான் யாரும் கற்றுத் தருவதில்லை.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வந்த திருப்பயணிகளால் வேளாங்கண்ணி நிரம்பியிருந்தது. காலையில் கடற்கரையிலும் கடைத்தெருவிலும் கூட்டம். அலை வந்தது. பேராலயத்துக்குள் தண்ணீர் புகவில்லை; உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். வெளியே நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். நாகப்பட்டினம் மாவட்டம் முழுவதும் பார்த்தால் இறந்தவர்கள் ஆறாயிரத்துக்கும் மேல்.

அடுத்த சில நாட்களில் எங்களுக்கு வந்த கட்டுரைகளில் பெரும்பாலானவற்றின் தலைப்பு மாதாவின் அற்புதம் என்பதாகவே இருந்தது. பாவத்துக்குத் தண்டனை என்று எழுதியவர்களும் உண்டு. இரண்டும் எதிரெதிர் திசை போலத் தெரியும். ஆனால் இரண்டு பேருமே செய்தியைத் தாண்டிக் குதித்துவிட்டார்கள். கோயிலுக்குள் தண்ணீர் வரவில்லை என்பது பொய் இல்லை. கோயில் மேட்டில் இருக்கிறது, அதனால்தான் என்றார்கள் சிலர்; அதே மட்டத்தில் இருந்த மற்ற இடங்களுக்குள் தண்ணீர் வந்ததே என்றார்கள் வேறு சிலர். அளந்து பார்க்காமல் இரண்டையும் அச்சிட முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. கடற்கரையில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயும் அதே மாதாவிடம் வேண்டிக்கொள்ள வந்தவள்தான். அவள் எங்கள் வாசகி. ஊர் திரும்பியபின் ஒரு ஞாயிறன்று பூசை முடிந்து, கோயில் வாசலில் கட்டுக்கட்டாக அடுக்கிவைத்திருக்கும் இதழில் ஒன்றை வாங்கிப் புரட்டப்போகிறவள். அற்புதம் என்ற சொல்லை முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டால், அவள் பிள்ளைக்கு மட்டும் அது ஏன் நடக்கவில்லை என்று அடுத்த பக்கத்தில் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்ல எங்களில் யாருக்கும் தகுதி இல்லை.

நாளிதழ்க்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அவர்கள் யாரைப் பற்றி எழுதுகிறார்களோ அவர்கள் பெரும்பாலும் அதைப் படிப்பதில்லை. திருச்சபை இதழில் செய்தியில் வருகிறவனும் சந்தா கட்டுகிறவனும் ஒரே ஆள்.

அந்த மாதம் இறந்தவர்களின் பெயர்களைப் பங்குவாரியாகப் போட்டோம். எங்கே அடக்கம் செய்யப்பட்டார்கள், உதவியை எங்கே சேர்ப்பது, யாரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்பவை அடுத்து வந்தன. கோயிலுக்குள் இருந்தவர்கள் பிழைத்த செய்தி மூன்றாம் பக்கத்தில், பிழைத்தவர்களே சொன்னபடி வந்தது. விசுவாசம் குறைந்துவிட்டது என்று கடிதங்கள் வந்தன. லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள் என்று பதில் எழுதினோம். சீலோவாமில் கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் இறந்த செய்தி அங்கே வருகிறது. செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்ற கேள்வியை இயேசு தாமே எழுப்பி, இல்லை என்கிறார். கேட்டுக்கொண்டிருந்தவர்களை மனம் மாறச் சொல்கிறார். கோபுரம் ஏன் அவர்கள்மேல் விழுந்தது என்பதற்கு அவர் விளக்கம் தரவே இல்லை. அதே லூக்காதான் தம் நூலின் தொடக்கத்தில், கண்ணால் கண்டவர்களிடமிருந்து வந்ததை எல்லாம் ஆய்ந்து பார்த்து ஒழுங்காக எழுதுவதாகச் சொல்லிக்கொள்கிறார். நிருபர் என்றால் எங்களுக்கு அவர்தான்.

அற்புத விஷயத்தில் திருச்சபை தன் பத்திரிகைகளைவிடக் கண்டிப்பானது. இது வெளியே அதிகம் தெரியாது. உள்ளே இருப்பவர்களுக்கும் தெரிவதில்லை. புனிதர் பட்டத்துக்கு முன்வைக்கப்படுபவர் பற்றிய சான்றுகளில் ஓட்டை தேடுவதையே வேலையாகக் கொண்ட அதிகாரி ஒருவரை 1587இல் ஐந்தாம் சிக்ஸ்துஸ் ஏற்படுத்தினார். பேய்க்கு வக்கீல் என்று மக்கள் அவருக்குப் பெயர் வைத்தார்கள். 1983 சீர்திருத்தத்தில் அந்தப் பதவியின் பழைய வேகம் போய்விட்டது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். லூர்து நகரில் 1858 காட்சிகளுக்குப் பிறகு குணமானதாகப் பதிவானவை ஏழாயிரத்துக்கும் மேல். மருத்துவர்கள் ஆராய்ந்து, ஆயர்கள் ஏற்று, அற்புதம் என்று அறிவிக்கப்பட்டவை எழுபதுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். இப்போதோ, 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்த வத்திக்கான் விதிகளின்படி, ஒரு காட்சியோ சிலை கண்ணீர் விடுவதோ இயற்கைக்கு அப்பாற்பட்டது என்று ஆயர்கள் பொதுவாக அறிவிப்பதே இல்லை. பக்தி முயற்சிக்குத் தடையில்லை என்பதுதான் அவர்கள் தரும் உயர்ந்தபட்ச அனுமதி. உரோமை இத்தனை நிதானமாக இருக்கும்போது, ஒரு கெபியில் மெழுகு வடிந்த விதத்தை வைத்து நாங்கள் அட்டைப்படக் கட்டுரை போடுவது எந்த ஊர் நியாயம்?

சாட்சிக் கடிதங்கள் தினமும் வரும். புற்றுநோய் கரைந்தது, குழந்தை பிறந்தது, கடன் அடைந்தது. இவற்றைக் கேலி செய்கிறவன் இந்த மேசைக்கு லாயக்கில்லை. ஒருவர் வாழ்வின் மிகப்பெரிய நாள் அதில் இருக்கும். நோய் குணமான கடிதம் என்றால் முன்னும் பின்னும் எடுத்த மருத்துவச் சீட்டு கேட்போம். வீட்டார் அல்லாத ஒருவரிடம் பேசுவோம். பாதிப்பேர் சந்தோஷமாக அனுப்பிவைப்பார்கள், மீதிப்பேர் கோபித்துக்கொள்வார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்ற ஒரு வரி மட்டும், அது முழு உண்மையாகவே இருந்தாலும், எங்கள் இதழில் வராது. சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்ளும் வாசகர் அதைப் படித்துவிட்டு என்ன செய்வார் என்பது எங்களுக்குத் தெரியும். குணமளிக்கும் கூட்ட விளம்பரங்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும். மாய நிவாரண விளம்பரங்களைத் தடுக்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தில் மந்திரமும் தாயத்தும் வருகின்றன. பிரார்த்தனை எண்ணெய் மட்டும் எப்படித் தப்பும் என்று ஒரு வக்கீல் நண்பர் என்னைக் கேட்பதுண்டு.

உள்வீட்டுச் செய்தி இன்னும் கடினம். 1950இல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி தலித் கிறிஸ்தவர்களை வெளியே நிறுத்தியது. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் கதவு திறந்தது, நமக்குத் திறக்கவில்லை. இதைக் கண்டித்துத் தலையங்கம் எழுதுவது சுலபம். ஆயர்களும் எழுதுவார்கள், யாருக்கும் மனஸ்தாபம் வராது. அதே பேனாவால் நம் கல்லறைத் தோட்டத்துக்குள் எழுந்திருக்கும் சாதிச் சுவரைப் பற்றி எழுதினால் அந்தப் பங்குக்கு அனுப்பிய கட்டு பிரிக்கப்படாமலே திரும்பி வரும். 2008 மார்ச் 9 அன்று, அப்போதைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்களுக்கும் வன்னியக் கத்தோலிக்கர்களுக்கும் மோதல் வெடித்தது. காவல்துறை சுட்டதில் இரண்டு பேர் இறந்தார்கள். எங்களுக்கு வந்த செய்திக் குறிப்புகளில் இரு பிரிவினர் என்று மட்டும் இருந்தது. யார் எந்தப் பிரிவு, எதைக் கேட்டார்கள், எத்தனை ஆண்டுகளாகக் கேட்கிறார்கள் என்பது எதுவும் இல்லை. சமாதானத்துக்காக இப்படி எழுதுகிறோம் என்பார்கள். ஒரே நற்கருணையை வாங்கும் இரண்டு கூட்டத்துக்கும் தங்கள் ஊரில் என்ன நடந்தது என்று அவர்களுடைய பத்திரிகையே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

2022 மே 15 எங்கள் தொழிலுக்குப் பெரிய நாள், அதைக் கொண்டாடத் தவறிவிட்டோம். அன்று புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் பத்துப் பேரைப் புனிதர்களாக அறிவித்தார். ஒருவர் நட்டாலத்தில் பிறந்து, 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்ட தேவசகாயம். இன்னொருவர் டைட்டஸ் பிராண்ட்ஸ்மா, நெதர்லாந்தைச் சேர்ந்த கார்மேல் சபைக் குரு, பத்திரிகையாளர். நாஜிகளின் விளம்பரத்தை அச்சிடாதீர்கள் என்ற ஆயர்களின் முடிவைக் கத்தோலிக்கப் பத்திரிகை ஆசிரியர்களிடம் ஒவ்வொருவராக நேரில் போய்ச் சொன்னவர். 1942 ஜனவரியில் கைதானார். ஜூலை 26 அன்று டாக்காவ் முகாமில் விஷ ஊசி போட்டுக் கொன்றார்கள். தமிழ் இதழ்களில் நம் ஊர்க்காரருக்குப் பக்கம் பக்கமாக இடம், அது சரிதான். பிராண்ட்ஸ்மா பட்டியலில் ஒரு பெயராகப் போனார். ஒரு விளம்பரத்தை மறுப்பதற்கு உயிரை விலையாகக் கொடுத்த மனிதர், விளம்பரத்தை மறுக்கவே தெரியாத நம் பத்திரிகைகளில் அரை வரி.

தேவசகாயம் பற்றிய செய்தியிலும் ஒரு சோதனை இருந்தது. அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தை எடுத்துவிடுங்கள் என்று பொதுநிலையினர் உரோமைக்கு எழுதினார்கள், வத்திக்கானும் எடுத்துவிட்டது. சாதி பார்க்காமல் எல்லாரோடும் உட்கார்ந்து உண்டவர் என்று நாம் மெச்சும் ஒருவரின் பெயரை, அதன்பிறகும் பழையபடியே அச்சிட்ட நோட்டீசுகளை நான் பார்த்தேன். மதம் மாறியதற்காக அவர் கொல்லப்பட்டார் என்பதற்குத் திருவிதாங்கூர் ஆவணங்களில் ஆதாரம் இல்லை என்று வரலாற்றாசிரியர்கள் சிலர் சொன்னதும் செய்திதான். எழுதாதே என்றார்கள். எழுதினோம், பக்கத்திலேயே, அவர் இறந்த சில ஆண்டுகளில், 1756இல், கொச்சி ஆயர் உரோமைக்கு அனுப்பிய அறிக்கையையும் குறிப்பிட்டோம். மறைசாட்சியின் புகழ் அதனால் குறைந்ததாக ஒருவரும் சொல்லவில்லை.

எண்கள் விஷயத்திலும் பொறுமை தேவை. 2019 ஏப்ரல் 21 உயிர்ப்பு ஞாயிறன்று இலங்கையில் குண்டுகள் வெடித்தபோது இறந்தவர்கள் 359 என்று வந்தது. சில நாட்களில் அந்நாட்டு அரசே 253 என்று திருத்தியது. அவசரப்பட்டு முதல் எண்ணின்மேல் தியானம் எழுதியவர்கள் அதை மாற்றவே இல்லை. இன்னொன்று: என் மேசைக்கு வந்த கட்டுரைகள் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலையும் நீர்கொழும்பு செபஸ்தியார் கோயிலையும் பற்றியவை. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் ஞாயிறு பள்ளிக் குழந்தைகள் பலர், தமிழ்க் குழந்தைகள். அது நம் சபை இல்லை என்பதால் நம் ஆட்களின் கண்ணில் படவில்லை.

திருத்தந்தைத் தேர்தல் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2025 மே 8 இரவு நம் நேரம் ஒன்பதரை தாண்டி வெண்புகை வந்தது. பெருவில் மறைப்பணி செய்த அமெரிக்கர் ஒருவர் பதினான்காம் லியோ ஆனார். தூய ஆவியார் தேர்ந்தெடுத்தார் என்று தொடங்கும் கட்டுரைகள் விடிவதற்குள் வந்துவிட்டன. ஆவியார் அப்படி நேராக ஆளைப் பொறுக்குவதில்லை, அவர் நிச்சயம் தேர்ந்திருக்கமாட்டார் என்று சொல்லத்தக்க திருத்தந்தையர்கள் வரலாற்றில் நிறைய உண்டு என்று 1997இல் பவேரியத் தொலைக்காட்சியில் சொன்னவர் கர்தினால் ராட்சிங்கர். பின்னாளில் அவரே திருத்தந்தை ஆனார்.

பங்குச் செய்தி அனுப்பும் உபதேசியார்கள், அன்பியப் பொறுப்பாளர்கள், இளைஞர் இயக்கத்துத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். கொடியேற்றம் முதல் தேர்பவனி வரை எழுதுங்கள், தாராளமாக. லட்சக்கணக்கானோர் கலந்துகொண்டனர் என்று எழுதாதீர்கள்; அசனத்துக்கு எத்தனை மூட்டை அரிசி போட்டார்கள் என்று சமையல்காரரைக் கேட்டு எழுதுங்கள், கூட்டத்தை நாங்கள் கணக்கிட்டுக்கொள்கிறோம். தேர் எந்தத் தெருவுக்குப் போகவில்லை என்பதையும் எழுதுங்கள். ஆயரின் படம் எங்களிடம் நிறைய இருக்கிறது, அதை அனுப்ப வேண்டாம்.