பிரேக் ஆயிலும் ஒன்றரை லட்சமும்

என் பெரியப்பா மகன் அஞ்சு வருஷம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, செகண்ட் ஹேண்டில் ஒரு டர்போ ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினான். எந்த கம்பெனி என்று சொல்ல மாட்டேன், அண்ணன் அடிப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குக் கிளம்பினோம். ஒரு சுற்று சுமார் 3.7 கி.மீ. நான் பக்கத்து சீட்டில், தலையில் ஹெல்மெட்டோடு. (வீட்டில் லைப்ரரி போறேன்னு சொல்லியிருந்தேன்.)

நாலாவது சுற்று. நேர்ப்பாதை முடிந்து வளைவு வரும்போது அண்ணன் பிரேக்கை மிதித்தான். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கி அடி வரைக்கும் போய்விட்டது! விட்டு விட்டு மிதித்து, கியரை இறக்கி, எப்படியோ டிராக்கைத் தாண்டி மண்ணில் போய் நின்றோம். ரெண்டு பேருக்கும் கீறல் இல்லை. ஆனால் கொஞ்ச நேரத்துக்கு ரெண்டு பேருக்கும் பேச்சே வரவில்லை.

மறுநாளே அண்ணன் கடையில் விசாரித்துவிட்டான். பெரிய டிஸ்க், ஆறு பிஸ்டன் சிவப்பு காலிப்பர். ஒன்றரை லட்சம். "உயிரை விட காசு பெருசாடா?" என்றான். அதுக்கு என்ன பதில் சொல்வது? ஆனாலும் பி.காம். படிக்கிறவன் புத்தி சும்மா இருக்குமா, இந்தக் காசு எதை வாங்குகிறது என்று உட்கார்ந்து பார்த்தேன்.

1,200 கிலோ காரை 160 கி.மீ. வேகத்திலிருந்து 80-க்குக் கொண்டுவந்தால் சுமார் 9 லட்சம் ஜூல் சூடாக மாறுகிறது. 3 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க இது போதும். அதுவும் சில நொடிகளில், ஒவ்வொரு பெரிய வளைவிலும்! ஆக, டிராக்கில் பிரச்சினை பிடிப்பு இல்லை, சூடு. காரைக் கடைசியில் நிறுத்துவது டயர்தான். மிதித்ததும் ஏபிஎஸ் வேலை செய்கிறது என்றால், அந்த டயரிடம் இதுக்கு மேல் வாங்க முடியாது. ஆறு பிஸ்டன் போட்டாலும் அந்த ஒரு மிதிக்கு தூரம் பெரிசாகக் குறையாது. பெரிய டிஸ்க்கின் உண்மையான லாபம், திரும்பத் திரும்ப மிதிக்கும்போது சூட்டைத் தாங்குவது.

எங்கள் பெடல் ஏன் அமுங்கியது? மெக்கானிக் அண்ணே மூடியைத் திறந்தார். உள்ளே டிகாஷன் கலரில் பிரேக் ஆயில். பழைய ஓனர் எத்தனை வருஷமாக மாற்றவில்லையோ! இந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 என்றால் புதிதில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியதும் அந்தக் கணக்கு 155-க்கு இறங்கிவிடும். கொதித்தால் ஆவி. ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. அவ்வளவுதான் கதை.

இதே ஆயிலோடு சிவப்பு காலிப்பர் மாட்டியிருந்தால்? ஒன்றரை லட்சம் போயிருக்கும், மண் மேடு இன்னும் நாலு சுற்று தள்ளி வந்திருக்கும்.

ரெண்டு நாள் சண்டைக்கு அப்புறம் ரேஸ் ஆயில், முன்பக்கத்துக்கு டிராக் பேட், பழைய ரப்பர் ஹோஸுக்குப் பதில் ஸ்டீல் பின்னிய ஹோஸ் என்று முடிவானது. கால்வாசிச் செலவுகூட ஆகவில்லை. துளை போட்ட டிஸ்க்கை மெக்கானிக்கே வேண்டாம் என்றார், சூட்டில் துளையிலிருந்து விரிசல் விடுமாம். டிராக் பேடில் ஒரு தொல்லை உண்டு. சூடாகாமல் பிடிக்காது, சிக்னலில் கீச்சென்று ஊரையே கூப்பிடும். அதனால் டிராக்குக்குப் போகும் முதல் நாள்தான் மாட்டுகிறான். இவ்வளவு செய்தும் சூடு தாங்கவில்லை என்றால், அப்போது பெரிய டிஸ்க் வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

அடுத்த தடவை நான் உள்ளே உட்காரவில்லை. பிட் பக்கம் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். நாலாவது சுற்றில் கார் வளைவுக்குள் சரியாகத் திரும்பியது. ஆறாவதை மெதுவாக, பிரேக் ஆற ஓட்டிவிட்டு உள்ளே வந்தான். ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் நிறுத்தினான், அதுவும் மெக்கானிக் சொன்னதுதான்.

"பெடல் கல்லு மாதிரி இருக்குடா" என்றான். சொல்லிவிட்டு போனை எடுத்துக் காட்டினான். வால்பேப்பரில் அதே சிவப்பு காலிப்பர் :-)