பேசா வாயில்கள்

தமிழாசிரியராகிய யாம் தொலைபேசியைப் பற்றி எழுதப் புகுதல் அன்பர் சிலருக்கு வியப்பைத் தரலாம். பொறியியற் கல்வி எமக்கு இல்லை. ஆயினும், அமெரிக்காவிலே தொலைபேசி ஆளித்தொகுதிகளைப் பேணும் பணியிற் பல்லாண்டு இருந்து இளைப்பாறிய எமது கல்லூரிப் பழைய மாணவர் ஒருவர், உயர்வகுப்பு மாணவருக்கு அத்தொழிலை விளக்கியபோது யாமும் உடனிருந்து கேட்டோம். அவ்விளக்கத்தில் ஆசிரியத் தொழிலுக்கு வேண்டிய பாடம் ஒன்று அடங்கியிருந்தமையால் அதனை ஈண்டு எழுதுகின்றோம்.

முற்காலத்திற் பேசுவோர் இருவரையும் இணைத்துவைத்தவர் நிலையத்தில் இருந்த பணியாளரே. இணைப்புத் தவறினால் அவர் செவியே அதனை அறியும். 1891ஆம் ஆண்டில் அல்மன் ஸ்ரோஜர் என்னும் அமெரிக்கர் தானியங்கி ஆளிக்குக் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டிலேயே இந்தியானா மாநிலத்து லாபோர்ட் நகரில் அத்தகைய நிலையம் இயங்கத் தொடங்கியது. இணைக்கும் தொழில் பொறியிடம் சென்றது; பழுதை உணரும் பொறுப்போ மனிதரிடமே எஞ்சியது.

1937ஆம் ஆண்டிலே, பாரிசு நகரிற் பணியாற்றிய ஆங்கிலேயரான அலெக் றீவ்ஸ், குரலை எண்களாக்கி அனுப்பும் முறையைக் கண்டார். பின்னாளில் நிலைபெற்ற வழக்கின்படி குரலானது செக்கனுக்கு 8,000 முறை அளக்கப்படும். ஒவ்வோர் அளவும் 8 துவித இலக்கங்களால் எழுதப்படும். எனவே ஒருவர் பேச்சுக்குச் செக்கனுக்கு 64,000 இலக்கங்கள் வேண்டும். இதனை ஒரு தடம் என்போம். 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வழக்குக்கு வந்த இணைப்பொன்று இத்தகைய 24 தடங்களைச் சுமந்தது. ஒவ்வொரு தடத்துக்கும் தனக்குரிய நேரம் உண்டு. பந்தியில் அமர்ந்தோர்க்கு முறையே பரிமாறுவதுபோல ஆளி அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கவனிக்கும்.

பேச்சுக்கு ஒரு தடம் போதும். ஈரிடத்து அலுவலகத்தார் ஒருவரை ஒருவர் படத்திற் கண்டு கலந்துரையாடுவதற்கு அது போதாது. ஆகவே 6 தடங்களைச் சேர்த்துச் செக்கனுக்கு 3,84,000 இலக்கங்கள் செல்லும் அகன்ற வழியொன்றை அமைப்பர். 1990களிற் பல அலுவலகங்களில் இயங்கிய டெபினிற்றி என்னும் ஆளித்தொகுதியில் இவ்வசதி இருந்தது. ஏ.ரி. அன்ட் ரி. நிறுவனத்தில் தோன்றிய அத்தொகுதி, 1996இல் லூசென்ற் நிறுவனத்தின் வசமும், 2000ஆம் ஆண்டில் அவாயா நிறுவனத்தின் வசமும் ஆயிற்று. நிலையான ஒழுங்கைக் கைக்கொண்டால், 6 தடம் கொண்ட வழி 1, 7, 13, 19 ஆகிய இடங்களில் ஒன்றிலிருந்தே தொடங்கவேண்டும். அவ்வாறின் நடுவே ஒன்று பழுதாயின், நலமாயுள்ள ஏனைய ஐந்தும் அவ்வழிக்கு உதவா.

இனி எம் உள்ளத்தைத் தொட்ட செய்தியைக் கூறுவோம். சாதாரணத் தொலைபேசியின் கைபிடியை எடுத்த மாத்திரத்தே அச்செய்தி ஆளிக்குச் சென்றுவிடும். அகன்ற வழிக்கருவிகள் பொருந்தும் வாயில்கள் சிலவோ அத்தகையன அல்ல. அவை சைகை தருவதுமில்லை. தமக்கு வந்த சைகைக்கு மறுமொழி கூறுவதுமில்லை. இணைப்பு முழுவதும் அறுந்தால் ஆளி அறியும். இணைப்பு நன்றாயிருக்க, அப்பாலுள்ள கருவி மட்டும் செயலிழந்தால், வாயில் அதனைச் சொல்லாது. ஆளியின் பதிவேட்டில் அது பணியில் உள்ளதாகவே காணப்படும்.

ஆதலின் பேணுவோர் தாமே சென்று வினவவேண்டும். ஒவ்வொரு வாயிலையும் தனித்தனியே எடுத்து, அது தனக்குரிய நேரத்திலேயே பேசுகின்றதா, பிறர்க்குரிய நேரத்திற் புகுகின்றதா என்று சோதிப்பர். அச்சோதனையும் வாயில் ஓய்ந்திருக்கும்போதே நிகழும். உரையாடல் நடக்கையில் அதனைக் குலைத்துச் சோதிப்பதில்லை. "முறையிடுகின்ற வாயிலைப் பற்றி எமக்குக் கவலையில்லை, பேசாத வாயிலே எம் உறக்கத்தைக் கெடுக்கும்" என்றார் அப்பழைய மாணவர்.

அதைக் கேட்டபோது எம் வகுப்பறை கண்முன் வந்தது. வரவுப் பதிவேடு மாணவன் வந்தான் என்று கூறும். பாடம் அவனிடம் சென்றதா என்று கூறாது. ஆளியில் ஒரு தடம் பழுதானால் அகன்ற வழியே நின்றுவிடும். வகுப்பிலோ ஒருவன் பின்தங்கினால் ஏனையோர் குரல் அவனை மறைத்துவிடும். ஆகவே ஆசிரியர்க்கு அப்பொறியாளரினும் மிக்க விழிப்பு வேண்டும்.

எம் மாணவன் ஒருவன் செய்யுள்களைப் பிறரோடு சேர்ந்து பிழையின்றி ஓதுவான். ஒழுக்கத்திலும் குறையில்லை. பிறர் விளையாடச் சென்ற வேளையில் அவனைத் தனியே அழைத்து, கரும்பலகையில் எழுதிய இரண்டு வரிகளை வாசிக்கச் சொன்னோம். அவனால் இயலவில்லை. எழுத்துக்கள் அவன் கண்ணுக்குப் புலப்படவேயில்லை. கேட்டதைக் கொண்டே அதுகாறும் ஓதிவந்தான். மூக்குக்கண்ணாடி வாங்கும் செலவைத் தாய்மேற் சுமத்த விரும்பாது வாளாவிருந்தான். பழைய மாணவர் சங்கத்தார் கண்ணாடி வாங்கிக் கொடுத்தனர். அன்று தொட்டு எம் வகுப்பில் ஒவ்வொருவனும் தவணைக்கு ஒருமுறையேனும், பிறர் கேளா இடத்தில், எம்மிடம் தனியே வாசிக்கின்றான்.

அத்தகைய ஆளித்தொகுதிகள் செய்த பணியிற் பெரும்பகுதியை இன்று இணையவழித் தொடர்புகள் ஏற்றுவிட்டன. படத்தொடர்பும் கையடக்கத் தொலைபேசியிலேயே நிகழ்கின்றது. கருவி மாறினும் பேணும் அறம் மாறவில்லை. கேளாதவனிடம் சென்று கேட்டல் ஆசிரியர்க்கும் சங்கத்தார்க்கும் பொதுவான கடன். இவ்விழாவிலே வந்தோரைக் கண்டு மகிழும் பழைய மாணவர், தம் வகுப்புத் தோழருள் வாராதவர் எவர், வாராமைக்குக் காரணம் யாது என்பதையும் ஒருமுறை தேடி வினவுவாராக.