துருக்கி வீட்டில் நான்கு மாதங்கள்

வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகளிடம் நம்மவர்கள் விடுதி எப்படி, பாடம் எப்படி, குளிர் எப்படி என்றுதான் கேட்பார்கள். 2022ஆம் ஆண்டு துருக்கி அரசின் புலமைப்பரிசில் கிடைத்து நான் அங்காராவுக்குப் புறப்பட்டபோது, இரத்மலானையில் எங்கள் ஒழுங்கையில் உள்ள எல்லோரும் கேட்டதும் இவைதாம். ஒரு துருக்கிக் குடும்பத்தின் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டு நான்கு மாதங்கள் இருப்பேன் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை.

2023 பெப்ரவரி 6ஆம் திகதி துருக்கியின் தென்கிழக்கில் பூகம்பம் ஏற்பட்டது. அதிகாலை 4.17க்கு ஒன்று, அதே நாள் பகல் 1.24க்கு இன்னொன்று. துருக்கியில் மட்டும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சில நாட்களில் பல்கலைக்கழக வகுப்புகள் இணையவழிக்கு மாற்றப்பட்டன. அரசின் மாணவர் விடுதிகள் வீடிழந்தவர்களுக்கு ஒதுக்கப்பட்டன. அறைத்தோழியுடன் நானும் பெட்டியைக் கட்டினேன். அவளுடைய தாயார் தொலைபேசியில் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மகளிடம், “அவளையும் கூட்டி வா” என்று மட்டும் சொன்னாராம். அங்காராவிலிருந்து அதிவேக ரயிலில் ஒன்றரை மணித்தியாலப் பயணத்தில் எஸ்கிஷெகிர் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

வாசலில் சப்பாத்தைக் கழற்ற வேண்டும். இது நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் அதோடு முடியாது. உள்ளே போடவென்று வேறு செருப்பு இருக்கிறது. வெறுங்காலோடு குசினிக்குள் போனேனென்றால், அந்த அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் வருவார். தரைக் குளிர் காலால் ஏறி வயிற்றைப் பிடிக்கும் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. நான் இரத்மலானையில் சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு வளர்ந்தவள் என்று சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

அவரை எப்படி அழைப்பது என்பது முதல் கேள்வி. கொழும்பில் என்றால் எல்லோரும் ‘அன்ரி’. துருக்கியில் அது நடக்காது. அங்கே தாயின் சகோதரி ‘தெய்ஸெ’, தந்தையின் சகோதரி ‘ஹாலா’. தாயின் சகோதரன் ‘தாயி’, தந்தையின் சகோதரன் ‘அம்ஜா’. சின்னம்மாவையும் மாமியையும் ஒன்றாக்காத நமக்கு இது உடனே விளங்கும். வெளியாளான நான் தோழியின் தாயைத் தெய்ஸெ என்றேன், அதாவது சின்னம்மா. அவர்களுடைய வாக்கியத்திலும் நம்முடையதைப் போல வினை கடைசியில்தான் வரும். ‘எவ்’ என்றால் வீடு, ‘எவ்தே’ வீட்டில், ‘எவ்தென்’ வீட்டிலிருந்து. வகுப்பில் ஆங்கிலம் வழியாக யோசித்தவர்கள் திணறினார்கள். நான் தமிழ் வழியாக யோசித்துத் தப்பினேன்.

சாப்பாடுதான் சிக்கல். எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி சேர்ப்பதில்லை. அங்கே கறிமிளகாய்க்குள் அடைத்த சோற்றிலும் அரைத்த மாட்டிறைச்சி, கத்தரிக்காய்க் கறியிலும் அதே. முதல் இரவில் தோழி விளக்கிச் சொன்னபோது தெய்ஸெ சிறிது நேரம் பேசாமல் இருந்தார். மறுநாள் நீலக் கைபிடி போட்ட சிறிய சட்டி ஒன்றை எனக்கென்று ஒதுக்கினார். மைசூர்ப் பருப்பு சூப்பும், ஒலிவ் எண்ணெயில் வதக்கிய போஞ்சியும் அதில்தான் வெந்தன. காலையில் பாண், வெண்ணிறச் சீஸ், ஒலிவ் காய், தக்காளி. சாப்பிட்டு எழும்பும்போது சமைத்தவரைப் பார்த்து, “எலினிஸெ சாலிக்” என்று சொல்ல வேண்டும். உங்கள் கைக்குச் சுகம் உண்டாகட்டும் என்பது பொருள். நாள்தோறும் மூன்று வேளை சமைக்கும் எத்தனை பேர் வாழ்நாளில் இப்படி ஒரு சொல் கேட்டிருப்போம்? நான் இதைத் தொலைபேசியில் அம்மாவுக்குச் சொன்னேன். “அப்பாவுக்குச் சொல்லிக் குடு” என்றார்.

நான் போய்ப் பத்து நாட்களில் தெய்ஸெயின் தங்கை இரண்டு பிள்ளைகளுடன் வந்து சேர்ந்தார். கணவர் கூடாரத்தில் தங்கிவிட்டார். அவர்களுடைய ஊர் அத்யமான். பெயரை எழுத்தில் பார்த்தால் நமக்கு ‘அதியமான்’ என்றே வாயில் வரும். அப்பம்மாவிடம் சொன்னபோது, “ஔவைக்கு நெல்லிக்கனி குடுத்த அதியமானெல்லே?” என்றார். பூகம்பம் மிக மோசமாகத் தாக்கிய ஊர்களில் அதுவும் ஒன்று.

மூன்று அறைகள் கொண்ட மாடி வீடு. இப்போது எட்டுப் பேர். தோழியின் தம்பி இருக்கை அறைக்கு மாறினான். அவனுடைய கட்டிலில் சிற்றன்னையும் இரண்டு பிள்ளைகளும் நெருங்கிப் படுத்தார்கள். நான் தோழியின் அறையில் தனி மெத்தையில் கிடந்தேன். வெளிநாட்டு மாணவிகளுக்கு அங்காராவில் வேறொரு விடுதியில் இடம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, போய்விடுவதுதான் முறை என்று தீர்மானித்து வீட்டுக்கு அழைப்பெடுத்தேன்.

அம்மா சரி என்றார். அப்பம்மா தொலைபேசியை வாங்கினார். 1983 ஜூலையில் கொழும்பு இந்துக் கல்லூரியின் இரத்மலானை வளாகம் அகதி முகாமாக இருந்தபோது, கைக்குழந்தையான என் அப்பாவுடன் அங்கே இருந்தவர் அவர். பிறகு கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய், ஆண்டுகள் கழித்துத் திரும்பியவர்.

“கொலிஜில எங்களுக்கு இடம் விட்டுட்டு ஒரு குடும்பம் வகுப்பறையிலயிருந்து விறாந்தைக்குப் போனது, பிள்ளை. நல்லதுக்குத்தான் போச்சினம். ஆனா இரவில மழை பெய்யேக்க நான் நித்திரை கொள்ளேல்ல. என்னாலதானே எண்டு அவையைப் பாத்துக்கொண்டு கிடந்தன். அந்த மனுசி காலமை எழும்பி உன்ர மெத்தையைக் காணேல்லையெண்டா என்ன நினைப்பாள்? அங்க நிண்டு வேலையைச் செய்.”

நான் நின்றேன். அந்தப் பிள்ளைகளில் ஒன்று என் மெத்தைக்கு வந்தது. ஆறு வயதுச் சிறுமி. சமையல் எட்டுப் பேருக்கு என்றானபோது, எனக்குப் பாணும் சீஸும் போதும் என்றேன். நீலச் சட்டி அடுப்பை விட்டு இறங்கவில்லை. ரமழான் மாதத்தில் வீட்டார் நோன்பிருக்க, என் பகல் உணவு தட்டால் மூடி மேசையில் இருந்தது. பிள்ளைகளும் நானும் சாப்பிடுவோம்.

துருக்கி மொழியில் ஒரு விகுதி இருக்கிறது. ‘கெல்தி’ என்றால் வந்தான். ‘கெல்மிஷ்’ என்றால் வந்தானாம். தான் காணாததை, பிறர் சொல்லக் கேட்டதை, நாம் ‘ஆம்’ சேர்த்துச் சொல்வதுபோல அவர்கள் ‘மிஷ்’ சேர்க்கிறார்கள். அந்த வாரங்களில் வீடு முழுதும் மிஷ் தான். அந்தத் தெரு இடிந்துவிட்டதாம். அந்தக் குடும்பத்தில் ஒருவர்தான் மிச்சமாம். சிற்றன்னை மாத்திரம் அதிகம் பேசவில்லை. ஒருநாள் பின்னேரம் போஞ்சி நறுக்கும்போது தானாகச் சொல்லத் தொடங்கினார். முதல் நடுக்கத்தில் வீடு வெடித்து நின்றது. மழையும் குளிருமாக வெளியே நின்றோம். பகல் நடுக்கத்தில் விழுந்தது. மேல்மாடிக் கிழவி போர்வை எடுக்க உள்ளே போயிருந்தாள். ஒரு மிஷ் கூட இல்லை. தெய்ஸெ கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

அப்பம்மாவும் 83ஐ ‘ஆம்’ இல்லாமல்தான் சொல்வார். நாங்கள் பேரப்பிள்ளைகள்தான் ‘கப்பலில் போனார்களாம்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம்.

தேநீரைப் பற்றிச் சொல்லாமல் துருக்கி வீட்டைச் சொல்லி முடிக்க முடியாது. கீழே தண்ணீர், மேலே சாயம் என்று இரட்டைக் கேத்தல் நாள் முழுதும் அடுப்பில் இருக்கும். இடுப்பு ஒடுங்கிய சிறிய கிளாஸ், சீனிக்கட்டி. பால் என்ற பேச்சே இல்லை. அவர்கள் குடிப்பது கருங்கடல் ஓரத்து ரிஸே மாகாணத்துத் தேயிலை. நான் கொண்டு போயிருந்த இலங்கைத் தேயிலை கடுமையாக இருக்கிறதென்று தெய்ஸெ அலுமாரியில் வைத்துவிட்டார். சிற்றன்னை அதைக் கண்டதும் பைக்கற்றை எடுத்து மணந்து பார்த்தார். தென்கிழக்கில் இலங்கைத் தேயிலைக்கு மதிப்பு அதிகம். ஒரு காலத்தில் எல்லை கடந்து களவாக வந்ததால் ‘கச்சாக் சாய்’, கள்ளத் தேயிலை என்றே பெயர். வந்ததிலிருந்து எதையும் கேட்டு வாங்காதவர், அன்று கேத்தலைத் தானே அடுப்பில் வைத்தார். அதன் பிறகு அந்த வேலை அவருடையதாயிற்று. எனக்கு அது பெரிய ஆறுதல். விருந்தாளியாகவே இருப்பது எவ்வளவு களைப்பு என்று எனக்குத் தெரியும்.

ஜூன் மாதம் பரீட்சைக்காக அங்காரா திரும்பினேன். அவர்களுக்கு ஊரில் வீடு இன்னும் கிடைக்கவில்லை. எஸ்கிஷெகிரிலேயே ஒரு வாடகை வீடு எடுத்தார்கள். கணவரும் வந்து சேர்ந்து வேலைக்குப் போகிறார். சிறுமி அங்கேதான் பாடசாலைக்குப் போகிறாள். தொலைபேசியில் என்னிடம், “சாப்பிட்டியா?” என்று தமிழில் கேட்பாள். தாயார் பின்னாலிருந்து, அடுத்த முறை வரும்போது தேயிலை இரண்டு பைக்கற் கூடுதலாகக் கொண்டுவரச் சொல் என்கிறார்.