வெள்ளிக் கண்ணும் வெண்ணொளியும்

வேளாங்கண்ணித் திருத்தலத்தில் வெள்ளித் தகட்டாலான கண்களைக் காணிக்கையாகச் செலுத்தும் வழக்கத்தை நம் குடும்பங்கள் நன்கறியும். கண்ணோயுற்றோர் புனித லூசியம்மாளின் பரிந்துரையை நாடுவதும் பழமையான பக்தியே. இவற்றைக் குறைகூற நாம் வரவில்லை. ஆயினும், நேர்ச்சை நிறைவேறும் நாள்வரை காத்திருக்கலாகாத கண்ணோய் ஒன்று உண்டு.

ரெட்டினோபிளாஸ்டோமா என்பது குழந்தைகளின் விழித்திரையில் தோன்றும் புற்றுநோய். ஏறத்தாழ 16,000 முதல் 18,000 குழந்தைகளுள் ஒன்றுக்கே வரும். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வெளிப்படும். கருமணியில் பூனைக் கண்போல் வெண்ணொளி தெரியும். கைப்பேசியில் எடுத்த படத்தில் ஒரு கண் சிவந்தும் மற்றது வெளுத்தும் இருப்பதைக் கண்டு ஐயுற்ற பெற்றோரும் உளர். மாறுகண்ணும் ஓர் அறிகுறியே. மாறுகண் அதிர்ஷ்டம் என்று மகிழும் பாட்டிமார் இன்றும் உண்டு. அந்த அதிர்ஷ்டத்தில் நமக்கு நம்பிக்கையில்லை.

மற்றக் கட்டிகளைப்போல் இதனை ஊசியால் குத்திச் சதையெடுத்துச் சோதிப்பதில்லை. அவ்வாறு செய்தால் புற்று கண்ணுக்கு வெளியே பரவக்கூடும். குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்து, இரு கண்களையும் உள்ளே முழுமையாகப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். வாழ்நாளில் ஒருமுறைகூட இந்நோயைக் கண்டிராத மருத்துவர் எவ்வளவு நல்லவராயினும் இதற்குப் போதார். ஆகவேதான் சிறப்பு மருத்துவமனைகளின் தேவை. டாக்டர் வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையிலும், 1978இல் எழுந்த சென்னை சங்கர நேத்ராலயாவிலும் இதற்கெனத் தேர்ந்த மருத்துவர்கள் உள்ளனர். நோய் சிறிதாயிருக்கையில் லேசர், உறைகுளிர்ச் சிகிச்சை, புற்றுநோய் மருந்து இவற்றால் கண்ணையே காக்க இயலும். முற்றிவிட்டால் கண்ணை அகற்ற நேரும். தாமதித்தால் புற்று பார்வை நரம்பின் வழியே மூளையை எட்டும்.

நிற்க. நம் பங்கைச் சேர்ந்த இளந்தாய் ஒருவர் இந்தச் செய்தியோடு நம்மிடம் வந்தார். "சாமி, ஆண்டவர் கொடுத்த கண்ணை எடுக்கச் சம்மதிப்பது பாவமில்லையா?" என்று கேட்டார். செப்டம்பர் 8ஆம் நாள் மாதா திருவிழா முடியட்டும் என்பது மாமியாரின் பிடிவாதம். உடல் முழுவதன் நலனுக்காக உறுப்பொன்றை இழக்க மனிதனுக்கு உரிமையுண்டு எனத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1952இலேயே போதித்ததை எடுத்துரைத்தோம். அம்மூதாட்டியிடமோ, மாதா தம் திருவிழாவுக்காகக் குழந்தையைக் காக்க வைக்கமாட்டார்கள் என்று மட்டும் சொன்னோம். மறுநாளே புறப்பட்டனர்.

கண் எடுக்கப்பட்டது, பையன் பிழைத்தான். மறு கண்ணின் நிறத்திற்கேற்பச் செய்த செயற்கைக் கண்ணோடு இன்று பள்ளி செல்கிறான். கோயில் முற்றத்தில் பந்து விளையாடும்போது வலப்புறம் வருவோர்மீது மோதிக்கொள்வான்; அவ்வளவே.

இந்நோய் மரபணு வழியாகவும் வரக்கூடுமாதலால், உடன்பிறந்தோரையும் சோதிக்க வேண்டும். அவனுக்கு இப்போது ஒரு தங்கை பிறந்திருக்கிறாள். சில வாரங்களுக்கொருமுறை அவளை மார்போடணைத்துக்கொண்டு தாய் மதுரைப் பேருந்தில் ஏறுகிறார். இரத்தம் மரபணுச் சோதனைக்கு அனுப்பப்பட்டுள்ளது. முடிவு இன்னும் வரவில்லை.